குற்றவாளி பூஜ்ஜியம் மீட்டர் தொலைவில்

தன் ஸ்கூட்டரைத் தானே திருடிவிட்டதாகப் போலீஸில் எழுதிக் கொடுத்த முதல் மனிதர் என்ற பெருமை பல்லுக்காரருக்குக் கிடைக்கவில்லை. அவருக்கு முன்னாலேயே பலர் அந்தச் சாதனையைச் செய்துவிட்டிருந்தார்கள். அது வியாழக்கிழமைதான் தெரியவந்தது. திங்கட்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்குக் காரியத்தைச் செய்து முடித்தபோது, சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்றுதான் அவர் நினைத்தார்.

அவர் பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் பிடுங்குவார்கள், இவர் கட்டுவார். டாக்டர்கள் ஈறுக்கு அச்சு எடுத்து அனுப்ப, இவர் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து மெழுகு உருக்கி, பல் பதித்து, அரத்தால் ராவி, மெருகேற்றி, முழுப் பல் செட்டாகத் திருப்பிக் கொடுப்பார். அந்த வட்டாரத்துப் பெரியவர்களின் சிரிப்பில் பாதி அவர் கைவேலை.

அன்று ஆறு செட் கொடுக்க வேண்டியிருந்தது. ஆறையும் தண்ணீர் ஊற்றிய டப்பாக்களில் போட்டு, ஸ்கூட்டரின் பின்னால் இருந்த நீலப் பெட்டிக்குள் அடுக்கி, பெட்டியைப் பூட்டினார். பிளாஸ்டர் மாவு வாங்க வழியில் ஒரு கடையில் நின்றார். இறங்கியதும் பெட்டியின் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். கெட்டியாக இருந்தது. அந்தத் திருப்தியில் சாவிக் கொத்தை வண்டியிலேயே விட்டுவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது வண்டி நின்ற இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் மட்டும் இருந்தது.

வண்டி போனால் போகட்டும். ஆறு செட்டில் ஒன்று அவருடைய மச்சானுடையது. மனைவியின் அண்ணன். மனைவியை இழந்து ஒன்பது வருடம் தனியாகச் சமைத்துத் தின்றுகொண்டிருந்தவர், அறுபத்தொரு வயதில் ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவரை வெள்ளிக்கிழமை பதிவுத் திருமணம் செய்துகொள்ளப் போகிறார். இரண்டு மாதத்துக்கு முன் டாக்டர் அவர் வாயில் ஒரு பல் விடாமல் பிடுங்கிச் சுத்தமாகத் துடைத்துவிட்டார். அன்றிலிருந்து மச்சான் அந்த அம்மாவிடம் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டே பேசிவருகிறார். அந்த அம்மா அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் பிரியமாகிவிட்டார். புதிதாக ஒரு செட் கட்டலாம் என்றால், அச்சும் அதே பெட்டிக்குள்தான். மறுபடி அச்சு எடுத்துக் கட்ட முழுசாகப் பத்து நாளாகும்.

ஆகவே பல்லுக்காரர் காவல் நிலையத்துக்கு ஓடினார். நல்ல குடிமகன். வேறென்ன செய்வார்?

காவல் நிலையம் இப்போது புதுக் கட்டடத்தில் இருந்தது. கண்ணாடிக் கதவு தானாகத் திறக்கும் என்று ஒரு பலகை. அதற்குக் கீழே ‘தள்ளவும்’ என்று பொதுமக்களில் யாரோ எழுதி ஒட்டிய காகிதம். உள்ளே, ‘பேனா இல்லாக் காவல் நிலையம்’ என்ற சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். லாக்கப் அறையில் கணினிகளை வைத்துக் குளிர்சாதனம் போட்டிருந்தார்கள். கூடத்தின் நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு திரை. அதன் பக்கத்தில் ரைட்டர் நின்றார்.

ரைட்டர் இருபத்திரண்டு வருடம் புகார் எழுதியவர். வருகிறவர் அழுதால் தண்ணீர் கொடுத்து, உளறினால் பொறுத்திருந்து, கடைசியில் நாலு வரியில் விஷயத்தைப் பிடித்துவிடுவார். இப்போது அவர் கையிலிருந்த பேனாவை வாங்கிக்கொண்டு, திரைக்குத் துணையாக நிறுத்திவிட்டார்கள். அவர் திரையைத் தொடக்கூடாது என்று மேலிடத்துச் சுற்றறிக்கை. தொட்டால் சாட்சியத்தைத் திருத்திய குற்றம்.

“சார், என் வண்டி காணாமப் போச்சு. அதுல ஒரு பெட்டி...”

“தொடுங்க.”

“சாவிய விட்டுட்டுக் கடைக்குள்ள போனேன் சார்...”

“எங்கிட்டச் சொல்லாதீங்க. நான் கேட்டா அது வாய்மொழிப் புகார் ஆயிடும். தொடுங்க.”

தொட்டார். வண்டி விவரம் சுலபமாகப் போனது. அடுத்து, இழந்த பொருளின் வகை: நகை, ஆவணம், கால்நடை, உடல் உறுப்பு, நற்பெயர்.

“சார், ‘மற்றவை’ன்னு ஒண்ணு இருக்குமே?”

“இருந்துச்சு. எல்லாரும் அதையே தொடுறாங்கன்னு எடுத்துட்டாங்க. என்ன பொருள்?”

“பல்லு சார். நூத்தி அறுபத்தெட்டுப் பல்லு.”

ரைட்டர் ஒரு கணம் பழைய ரைட்டராகி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சுற்றறிக்கை நினைவுக்கு வந்து திரையைப் பார்த்தார். “நகையில சேராது. மாட்டுல சேராது. பல்லு உடம்புல இருக்கறதுதானே?”

உடல் உறுப்பைத் தொட்டதும் திரை சிவப்பாகி, கேள்விகள் மளமளவென்று வந்தன. எத்தனை நபர்களின் உறுப்புகள்? ஆறு. எடுக்கப்பட்டபோது உரியவர்கள் சம்மதித்தார்களா? பெட்டியைத் தூக்கியவன் யாரிடம் சம்மதம் கேட்டான்? ‘இல்லை’ என்றார். பயன்படுத்திய கருவி? விட்டுவிட்டுப் போகலாம் என்று பார்த்தார், விடவில்லை. பட்டியலில் கத்தி, கட்டை, கம்பி, அரம் என்று இருந்தது. முப்பது வருடப் பழக்கத்தில் விரல் தானாக அரத்தைத் தொட்டது.

குற்றவாளியின் பெயர்?

வெறுமையாக விட்டால் திரை உறுமியது. ‘தெரியாது’ என்று அடித்தார். உடனே பதில் வந்தது: ‘தெரியாது என்ற நபர் ஏற்கெனவே நாற்பத்தோராயிரத்து அறுநூறு வழக்குகளில் தேடப்படுகிறார். அவர்தானா?’

“ஐயையோ, அவர் மேல போடாதீங்க” என்றார் ரைட்டர். “அவரைப் பிடிக்கத் தலைமையகத்துல தனிப்படையே இருக்கு. உங்களுது வரிசையில அத்தனைக்கும் அப்புறம்தான் வரும்.”

“வெள்ளிக்கிழமை கல்யாணம் சார்.”

“அப்ப தெரிஞ்ச பேர் ஒண்ணைப் போடுங்க. முதல்ல கேஸ் உள்ள போகட்டும். அப்புறம் மாத்திக்கலாம்.”

பல்லுக்காரர் யோசித்தார். பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனிதர். பிளாஸ்டர் கடைக்காரர் பிள்ளைகுட்டிக்காரர். ஒரு பாவமும் அறியாத யாரையோ எதற்கு வம்பில் மாட்டிவிட வேண்டும்? பெருந்தன்மை பொங்கியது. தன் பெயரையே அடித்தார். கீழே கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

திரை பச்சையாகி, எங்கிருந்தோ கைதட்டல் ஒலித்தது.

‘வாழ்த்துகள்! உங்கள் புகாரின் குற்றவாளி நான்கு நிமிடம் பதினொரு நொடியில் கண்டுபிடிக்கப்பட்டார். அவர் தற்போது உங்களிடமிருந்து பூஜ்ஜியம் மீட்டர் தொலைவில் உள்ளார். பதற்றப்படாமல் மெல்ல விலகிச் செல்லவும்.’

பல்லுக்காரர் பதற்றப்படாமல் மெல்ல இரண்டடி விலகினார்.

‘எச்சரிக்கை! குற்றவாளி உங்களைப் பின்தொடர்கிறார்.’

உள்ளேயிருந்து ஆய்வாளர் பூரித்த முகத்தோடு ஓடிவந்தார். “நாலு நிமிஷம் பதினொரு செகண்டு! மாநிலத்துலயே முதல்! யாருய்யா புகார்தாரர்?”

“நான்தான் சார்.”

ஆய்வாளர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். “குற்றவாளி எங்க?”

“அதுவும் நான்தான் சார். தெரியாம...”

குலுக்கிய கையை ஆய்வாளர் விடவில்லை. குலுக்கல் நின்று பிடி மட்டும் மிச்சமிருந்தது. “ஒத்துக்கிட்டார், குறிச்சுக்கோங்க” என்றார் திரையிடம்.

“சார், அந்தப் பெட்டியத் தேடுவீங்களா?”

“கண்டுபிடிச்சாச்சே! குற்றவாளிய வச்சிக்கிட்டே தேடச் சொன்னா எப்படி?”

நவீன முறையில் யாரையும் அடைத்து வைப்பதில்லை. அடைக்க அறையும் இல்லை. குற்றவாளியின் மணிக்கட்டில் ஒரு கறுப்புப் பட்டை கட்டினார்கள். புகார்தாரரின் கழுத்தில் ஒரு வெள்ளைப் பதக்கம் மாட்டினார்கள். இரண்டும் நூறு மீட்டருக்குள் நெருங்கினால் கத்தும். இரண்டையும் கழற்றுவது குற்றம்.

கத்திக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தார்.

“என்னங்க இது, குக்கர் மாதிரி விசிலடிச்சுக்கிட்டே வர்றீங்க?” என்றாள் மனைவி.

சொன்னார். பொறுமையாகக் கேட்டாள். பிறகு, “பேர் எழுதச் சொன்னா, எடுத்தவுடனே உங்க பேரையா எழுதுவீங்க?” என்றாள்.

“வேற யார் பேரை எழுதறது?”

“என் பேரை எழுதாம விட்டீங்களே, அந்த மட்டுக்கும் புண்ணியம். எங்கண்ணன் வாய்க்கு என்ன பதில்?”

அண்ணன் கைக்குட்டையோடு கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். தங்கை புருஷன் மேல் அவருக்கு எப்போதும் ஒரு பரிதாபம் உண்டு. “விடும்மா. வெள்ளிக்கிழமை கேட்கறதுக்கெல்லாம் தலையாட்டிட்டு வந்துடறேன். ஆனா மாப்பிள்ளை, கல்யாணத்துக்கு அப்புறமும் எத்தனை நாளைக்கு வெறும் தலையாட்டியே ஓட்டறது?”

“எல்லாப் புருஷன்மாரும் அப்படித்தான் ஓட்டறாங்க” என்றாள் தங்கை.

சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார், கைக்குட்டைக்குள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தபோது, “அவங்க முன்னாடி ஒரு தடவை வாய் விட்டுச் சிரிக்கணும்னு ஆசை மாப்பிள்ளை. அவ்வளவுதான்” என்றார். பதக்கம் கத்திக்கொண்டே இருந்தது.

செவ்வாய்க்கிழமை அரசு வழக்கறிஞரிடம் போனார். வழக்கை வாபஸ் வாங்க அங்கேதான் போக வேண்டும் என்று ரைட்டர், சுற்றறிக்கைக்கு விரோதமாக, காதோடு காதாகச் சொல்லியிருந்தார்.

கட்டுக் கட்டாகக் காகிதம் அடைந்து கிடந்த அந்த அறையில் இப்போது ஒரு மேசை, ஒரு நாற்காலி, நாலு திரைகள். நாற்காலியில் வழக்கறிஞரம்மா. வந்தவர் உட்கார நாற்காலி இல்லை. எல்லோரும் இணையம் வழியாகத்தான் வருவார்கள் என்று திட்டத்தில் எழுதியிருந்ததாம்.

“அம்மா, என் கேஸை நீங்க படிச்சீங்கன்னா...”

“படிக்கிறது பழைய முறை” என்றார் அம்மா, திரையை விட்டுக் கண் எடுக்காமல். “கேஸைப் படிச்சா மனசு ஒரு பக்கம் சாஞ்சுடுதுன்னு ஆராய்ச்சில கண்டுபிடிச்சிருக்காங்க. நான் ரெண்டு வருஷமா ஒரு கேஸும் படிக்கலை. மதிப்பெண் மட்டும்தான் பார்ப்பேன். உங்களுது தொண்ணூத்தெட்டு. என் சர்வீஸ்லயே அதிகம்.”

பாராட்டுக் கேட்டுப் பழக்கமில்லாத பல்லுக்காரர், “ரெண்டு மார்க் எதுலம்மா போச்சு?” என்று கேட்டுவிட்டார்.

“பாதிக்கப்பட்டவங்கள்ல ஒருத்தராவது பல்லில்லாம வந்து கேமரா முன்னாடி நிக்கணும். நின்னா நூறு. யாரையாவது தெரியுமா?”

“தெரியாது” என்றார் பல்லுக்காரர், மின்னல் வேகத்தில். பிறகு நிதானித்து, “அம்மா, ஒரு விஷயம். புகார் குடுத்தவனும் நான்தான், குற்றவாளியும் நான்தான். ரெண்டும் ஒரே ஆள்” என்றார்.

“அதுல ஆச்சரியம் இல்லை. இப்பல்லாம் நெருங்கின உறவுக்குள்ளதான் குற்றம் அதிகம்.” அம்மா ஒரு திரையை அவர் பக்கம் திருப்பினார். “இதைப் பாருங்க. எந்தக் கேஸ்லயும் ரெண்டு தரப்பும் ஆளுக்கொண்ணு சொல்லும். உங்க கேஸ்ல ஒரு முரண்பாடுகூட இல்லை. புகார்தாரர் குற்றவாளியோட முகத்தை நூத்துக்கு நூறு அடையாளம் காட்டியிருக்கார். குற்றவாளி கைரேகை வச்சு ஒத்துக்கிட்டிருக்கார். கருவி வீட்டுல இருக்கு. இவ்வளவு ஒழுங்கான குற்றம் நான் பார்த்ததே இல்லை.”

“தண்டனை எவ்வளவும்மா வரும்?”

“ஒரு பல்லுக்கு நாலு வருஷம்னு போட்டு அறுநூத்தி எழுபத்திரண்டு வருஷம்னு காட்டுது. பயப்படாதீங்க, நன்னடத்தைக்குப் பாதி குறையும்.”

பல்லுக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். உட்காரத்தான் இடமில்லை. “அந்தப் பெட்டிய யாராவது தேடறாங்களாம்மா?”

அம்மாவின் முகத்தில் முதல் முறையாக ஒரு குழப்பம் வந்து போனது. “பொருள் மீட்புங்கறது மூணாம் கட்டம்.”

“இப்ப எத்தனையாம் கட்டம்?”

“முதல் கட்டத்துக்கு வியாழக்கிழமை விழா. வாபஸ் வேணும்னா நாளைக்குச் சமரசப் பேச்சு இருக்கு. ரெண்டு தரப்பும் வரணும்.”

புதன்கிழமை இரண்டு தரப்பும் சரியான நேரத்துக்கு வந்தன. சமரசம் செய்துவைப்பது கணினி. தரப்பினர் ஒருவரை ஒருவர் மிரட்டிவிடாமல் இருக்க, நாலாம் எண் அறையில் புகார்தாரரும் ஐந்தாம் எண் அறையில் குற்றவாளியும் தனித்தனித் திரைக்கு முன் உட்கார வேண்டும். நடுவில் ஒரு நடை. நடையில் அன்று தரை துடைத்திருந்தார்கள்.

“புகார்தாரரே, குற்றவாளியிடம் நீங்கள் கூற விரும்புவது?” என்றது கணினி.

“கேஸை முடிச்சுக்கலாம்னு சொல்றேன்” என்றார் பல்லுக்காரர், நாலாம் அறையில். எழுந்தார். ஓடினார். நடையில் வழுக்கிச் சுவரைப் பிடித்து ஐந்தாம் அறை நாற்காலியில் விழுந்தார்.

“குற்றவாளியே, உங்கள் பதில்?”

“எனக்குச் சம்மதம்” என்றார், மூச்சு வாங்க.

“புகார்தாரரே, இதை ஏற்கிறீர்களா? பத்து நொடிகள் உள்ளன.”

மறுபடி ஓட்டம். அந்த நடை நாற்பது அடி. இருபது வயதில் பத்து நொடிக்குத் தாராளம். ஐம்பத்தாறு வயதில், ஈரத்தரையில், கழுத்தில் ஒன்றும் கையில் ஒன்றும் கத்திக்கொண்டிருக்க, பதினோராவது நொடியில்தான் போய்ச் சேர முடிந்தது. ஏழு சுற்று நடந்தது. எட்டாவது சுற்றில் கணினி தீர்ப்பு வாசித்தது: ‘புகார்தாரர் பேசும்போதெல்லாம் குற்றவாளி அவமதிப்பாக எழுந்து வெளியேறினார். குற்றவாளி பேசும்போது புகார்தாரர் முகம் கொடுக்க மறுத்தார். இருவருக்கும் இடையே ஆழ்ந்த பகை உள்ளது. சமரசம் தோல்வி.’

அன்று மாலை பட்டையிலும் பதக்கத்திலும் பேட்டரி தீர்ந்து சத்தம் நின்றது. ஐந்தாவது நிமிடத்தில் தொலைபேசிக்குச் செய்தி வந்தது: ‘தரப்பினரிடையே அமைதி திரும்பியது. காவல்துறையின் உடனடி நடவடிக்கைக்கு நன்றி தெரிவிக்க ஐந்து நட்சத்திரங்களைத் தொடவும்.’

வியாழக்கிழமை விழா. காவல் நிலையத்தின் மாடியில்தான் அரங்கம். பல்லுக்காரர் கட்டாயம் வர வேண்டும் என்று ஜீப் அனுப்பியிருந்தார்கள். வண்டியைத் தேட எண்ணெய் இல்லாத ஜீப், ஆளைக் கூட்டிவர மட்டும் சமர்த்தாக ஓடியது. மேடையில் அவருக்கு இரண்டு நாற்காலிகள். முதல் நாற்காலியில் உட்காரவைத்துப் பூச்செண்டு கொடுத்துப் படம் எடுத்தார்கள். பிறகு எழுப்பி, அடுத்த நாற்காலியில் உட்காரவைத்து, முகத்தைத் துணியால் மூடிப் படம் எடுத்தார்கள்.

காவல் மற்றும் வழக்குத் தொடர்வு நவீனமயமாக்கல் இயக்குநர் பேச எழுந்தார். கையில் ஒரு சின்னக் கருவி. அழுத்தினால் சுவரில் படம் மாறும். மாறவில்லை. ரைட்டர் போய்ச் சுவரில் இருந்த ஸ்விட்சைப் போட்டார். மாறியது.

“நண்பர்களே! பழைய காலத்தில் ஒரு திருட்டு நடந்தால் போலீஸ்காரர் என்ன செய்வார்? தெருவில் இறங்கி நடப்பார். நாலு பேரை விசாரிப்பார். செருப்புத் தேயும். வெயில் அடிக்கும். சில சமயம் திருடனே கிடைத்துவிடுவான்! அதனால் எவ்வளவு வேலைப்பளு! இன்று நான் பெருமையோடு அறிவிக்கிறேன்: கடந்த மூன்று மாதத்தில் நம் காவலர் ஒருவர்கூட இந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போகவில்லை. ஆனால் கண்டுபிடிப்பு விகிதம்? நூறு சதவீதம்!”

கைதட்டல். பாதி அரங்கத்திலிருந்து, பாதி ஒலிபெருக்கியில் பதிவு செய்தது.

“எப்படி முடிந்தது? மக்களை நம்பினோம். இந்த மாதம் மட்டும் முந்நூற்றுப் பன்னிரண்டு வழக்குகளில் குற்றவாளியே நேரில் வந்து, தன் மேலேயே புகார் கொடுத்து, கைரேகையும் வைத்திருக்கிறார். எந்த நாட்டிலாவது குற்றவாளிகளுக்கு இவ்வளவு மனசாட்சி உண்டா? இது தொழில்நுட்பம் கொண்டுவந்த ஒழுக்கப் புரட்சி!”

பல்லுக்காரர் முகத்துணியை லேசாக விலக்கிப் பார்த்தார். பார்வையாளர் வரிசை முழுக்க, பேட்டரி தீர்ந்த பட்டையும் பதக்கமுமாக ஒரு கூட்டம். தன் கழுத்துச் சங்கிலியைத் தானே அறுத்துக்கொண்ட பெரியம்மா. தன் கடையைத் தானே உடைத்த தையல்காரர். தன் மேலேயே லாரி ஏற்றிவிட்டு ஓடிப்போனதாக ஒத்துக்கொண்ட ஒருவர், காலில் கட்டோடு. எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தார்கள். உலகத்தில் முட்டாள் தான் ஒருவன் மட்டும் இல்லை என்று தெரிவதில் ஒரு ஆறுதல் இருக்கத்தான் செய்கிறது.

“இனி அடுத்த கட்டம்” என்றார் இயக்குநர். “புகார்தாரர் இங்கே வர வேண்டிய அவசியமும் இருக்காது. யார் எதை இழக்கப்போகிறார் என்று கணினியே கணித்து, அவர் பெயரில் புகாரும் எழுதி, அவரையே கைது செய்துவிடும். போலீஸுக்கும் பொதுமக்களுக்கும் இடையில் இருந்த அந்தக் கடைசித் தடை, அதாவது பொதுமக்கள், நீங்கிவிடும்! கேள்விகள் உண்டா?”

பல்லுக்காரர் துணியோடு எழுந்தார். நாலு நாளாகக் கேட்டு அலுத்த கேள்விதான். நாளைக்குக் கல்யாணம்.

“ஐயா, என் பெட்டி எங்க இருக்கு?”

இயக்குநர் புன்னகைத்தார். “அருமையான கேள்வி. பெட்டி எங்கே என்று கேட்பது நேற்றைய மனநிலை. பெட்டி என்பது ஒரு தரவு. தரவு எங்கேயும் போவதில்லை. உங்கள் பெட்டி எங்கள் கணினியில் என்றென்றும் பத்திரமாக இருக்கும்.”

இந்தத் தடவை ஒலிபெருக்கிக்கு முன்னாலேயே ஆய்வாளர் கைதட்டிவிட்டார்.

பெரிய மனிதர்கள் சிற்றுண்டிக்குப் போனார்கள். பல்லுக்காரர் பூச்செண்டையும் முகத்துணியையும் நாற்காலிகளில் வைத்துவிட்டுப் படியிறங்கினார். கீழே கூடத்தில், திரைக்கு முன்னால் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். காலர் நைந்த சட்டை. குழாய் வேலை பார்ப்பவராக இருக்க வேண்டும். இடுப்பில் ஒரு ஸ்பேனர் தொங்கியது. ரைட்டர் விழாவிலிருந்து ஓடிவந்து பக்கத்தில் நின்றிருந்தார்.

“சார், அதை நான்தான் எடுத்தேன். வாங்கிக்கிட்டு என்னை என்ன வேணா பண்ணுங்க.”

“தொடுங்க.”

“தொட்டுட்டேன் சார். மூணு தடவை தொட்டேன். ஏத்துக்க மாட்டேங்குது.”

திரையில் சிவப்பு எழுத்தில் இருந்தது: ‘இந்த வழக்கில் குற்றவாளிக்கான இடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. பிறர் செய்த குற்றத்திற்கு உரிமை கோருவது தண்டனைக்குரியது.’

ஆய்வாளர் கையில் பாதி கடித்த பிஸ்கட்டோடு மாடிப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். “யாருய்யா அது?”

“பல்லு கேஸ்ல குற்றவாளின்னு சொல்லிக்கிட்டு ஒருத்தர் வந்திருக்கார் சார்.”

“இயக்குநர் இருக்கறப்பவா? நூறு சதவீதம் நூத்தொண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? வெளிய அனுப்பு!” ஆய்வாளர் மறைந்தார். அவர் பின்னால் பிஸ்கட் தூள் மட்டும் படிப்படியாக இறங்கி வந்தது.

வந்தவர் கதவை நோக்கித் திரும்பினார். பல்லுக்காரர் ஓடிப்போய் அவர் முன்னால் நின்றார். நாலு நாளாக எத்தனையோ பேரிடம் கேட்டுக் கேட்டு, குரலில் இப்போது கெஞ்சல்கூட மிச்சமில்லை.

“ஏங்க, நீலப் பெட்டி. என்னோடது. எங்க இருக்கு?”

அந்த மனிதர் அவரை உற்றுப் பார்த்தார். “உங்களுதா? இந்தக் கட்டடத்துக்குப் பின்னாடி சந்துல, மூணாவது வீடு. வண்டி வாசல்லயேதான் நிக்குது, நாலு நாளா. சாவி அதுலயே இருக்கு. யாரும் வந்து கேட்கலை.”

“பெட்டி?”

“அலமாரி மேல. காசு இருக்கும்னு திறந்தேங்க. பல்லா இருந்துச்சு. பயந்துட்டேன். ‘மச்சான்’னு எழுதின டப்பாவை மட்டும் திறக்கவே இல்லை. யாரோ ஒருத்தரோட உறவுக்காரர் விஷயம், அதுல கை வைக்கக் கூடாதுன்னு தோணுச்சு.”

பல்லுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. ரைட்டர், திரையைப் பார்த்தபடியே, கண்ணாடிக் கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

“அப்ப ஆறும் இருக்கா?”

“அஞ்சுதான் இருக்கு” என்றார் வந்தவர், தலையைக் குனிந்துகொண்டு. “ஒண்ணை எங்கப்பாவுக்கு மாட்டிப் பார்த்தேன். அளவு கொஞ்சம் பெரிசுதான். ஆனா நாலு நாளா கழட்ட மாட்டேங்கறார், மென்னுக்கிட்டே இருக்கார். அதைக் கேட்டு வாங்க எனக்கு வாய் வரலைங்க. நீங்க வந்து கேளுங்க.”